முப்பது நாட்கள் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மரக்குளிகைகளை எரிக்கையில் எழும் கரியமிலவாயுவைப் பிடித்து வடகடலின் அடியில் புதைக்க இங்கிலாந்தின் டிராக்ஸ் மின்னிலையம் வகுத்த திட்டத்துக்கு, ஜனங்களின் அபிப்பிராயங்களைக் கேட்ட பின்னரே 2024 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. ஆயினும் அம்மரம் அமெரிக்க வனங்களிலிருந்து வருகிறது என்ற ஆட்சேபம் இன்னும் ஓயவில்லை.

நமக்கும் இது தூரத்து விஷயமன்று. இலங்கையில் 2005இல் தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிராகக் கிளிரிசீடியா மரம் அறிவிக்கப்பட்டதும் மின்சாரத்துக்கான விறகையும் உத்தேசித்தே. நாவற்குடாவில் எங்கள் வளவு வேலியில் அம்மரந்தான் நிற்கிறது. காலையில் கொப்பு முறித்து ஆட்டுக்குப் போடுகிறோம்.

நம் நாட்டில் ஒரு திட்டத்தின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வையிட்டுக் கருத்துரைக்க, சுற்றாடற் சட்டத்தின் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் 30 நாட்கள் அளிக்கிறது. ஆனால் இரவெல்லாம் மட்டக்களப்பு வாவியில் வலைபோட்டு, விடியற்காலையில் தோணியைக் கரையேற்றி, இறாலைச் சந்தைக்கு அனுப்பிவிட்டுக் கண்ணயரும் மனிதர், கந்தோர் நேரத்தில் சென்று அத்தடித்த நூலை எங்ஙனம் வாசிப்பார்?

ஆகவே இவ்வாவிக்கரையில் விறகெரித்து வாயுவைப் பிடிக்கும் அத்தகைய மின்னாலை எப்பொழுதேனும் பிரேரிக்கப்படுமாயின், அறிக்கையின் எளிய தமிழ்ச் சுருக்கம் ஊர் நூலகங்களில் வைக்கப்பட்டு, கோயில் முன்றலிலும் பள்ளிவாசலிலும் வாசிக்கப்பட்டு, மாலை வேளையில் கூட்டம் கூட்டப்படவேண்டுமென வேண்டுகிறேன். ஆலையைக் குளிரூட்டியபின் வெளிவரும் வெந்நீர் வாவியில் விடப்படுமா, எரிக்கும் விறகு எந்தக் காட்டினது, பிடித்த வாயு எங்கே புதைக்கப்படும் என்பவற்றுக்கு அங்கேயே விடை தரப்படவேண்டும்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
நாவற்குடா, மட்டக்களப்பு.