நகைக்குப் பார்க்கிற முத்திரையை பி.பி. மெஷினுக்கும் பாருங்கள்!

தோட்டத்துக்கு மோட்டார் வாங்கப் போகிற நம்ம கொங்கு நாட்டு விவசாயியைக் கவனித்திருக்கிறீர்களா? கடைக்காரர் விலையைச் சொல்வதற்குள், "ஐ.எஸ்.ஐ. இருக்குதுங்களா? எத்தனை ஸ்டாருங்க?" என்று கேட்டு விடுவார். நகை விஷயத்திலோ இன்னும் உஷார்! 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க அடையாள எண் இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது என்பது சட்டம். பெரிய கடை வீதியில் நகை வாங்கும்போது அந்த எண்ணை செல்போனில் தட்டிப் பார்த்துவிட்டே பணம் கொடுக்கலாம்.

ஆனால், அதே வீட்டுக்கு பி.பி. மெஷின், சர்க்கரை பார்க்கும் கருவி, ஸ்மார்ட் வாட்ச் வாங்கும்போது என்ன கேட்கிறோம்? "ஆஃபர்ல வந்துச்சுங்க... வாங்கிட்டோம்!" அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள். தங்கத்தில் மாற்று குறைந்தால் போவது பணம். பி.பி. மெஷின் தப்பாகக் காட்டினால்? "இன்னிக்கு நார்மலா இருக்குது" என்று அப்பாரு மாத்திரையை நிறுத்தி விடுவார். அந்த எண்களைக் குறித்துக்கொண்டு போய்க் காட்டினால், டாக்டரும் அதை வைத்தே மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார். கருவி பொய் சொன்னால் வைத்தியமே தடம் மாறி விடும்!

சட்டம் இல்லாமல் இல்லை. 2017-ல் மருத்துவக் கருவிகளுக்கென்று தனி விதிகள் வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும், நோயைக் கண்டறிய உதவும் சாஃப்ட்வேர் உள்பட, மருந்துச் சட்டத்தின் கீழ் வந்து விட்டன. ஆபத்தின் அளவைப் பார்த்து ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ, பி வகுப்புகளுக்கு 2022 அக்டோபரிலும், சி, டி வகுப்புகளுக்கு 2023 அக்டோபரிலும் லைசென்ஸ் கட்டாயமானது.

இங்கேதான் ஒரு விஷயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பதிவு வேறு, சான்று வேறு!

'அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்-அப்', 'சிறுதொழில் பதிவு பெற்றது' என்றெல்லாம் விளம்பரம் வரும். பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அவை நிறுவனத்தைப் பற்றியவை. கருவியைப் பற்றியவை அல்ல. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு, நிறுவனம் தானே தரும் விவரத்தை வைத்துக் கிடைப்பது. கடைக்கு போர்டு மாட்டியிருக்கிறார்கள் என்பதற்காக தராசு சரியாக இருக்கும் என்று சொல்லி விட முடியுமா? மளிகைக்கடை எலெக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போட வேண்டும் என்று விதி வைத்திருப்பது எதற்காக?

வெளிநாட்டிலும் இதே கவலைதான். ஊசி குத்தாமலே ரத்தச் சர்க்கரையைச் சொல்லும் என்று விற்கப்படும் ஸ்மார்ட் வாட்ச், மோதிரங்களை வாங்க வேண்டாம் என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அப்படித் தானாக அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுத்ததில்லை என்றும் சொன்னது. தப்பான அளவை நம்பி இன்சுலினைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டால், சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து!

"இத்தனை லைசென்ஸ் கேட்டா, புதுசா கண்டுபிடிக்கிற பசங்க எப்படிங்க தலையெடுப்பாங்க?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பம்ப்செட்டும் கிரைண்டரும் செய்து பேர் வாங்கிய கோவையில், இன்று மருத்துவக் கருவி செய்ய ஆசைப்படுகிற இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சோதனைச் செலவில் உதவுங்கள், காத்திருக்கும் நாளைக் குறையுங்கள் என்று அரசைக் கேட்போம். ஆனால் சோதனையே வேண்டாம் என்று கேட்காதீர்கள். சோதனை இல்லாத சந்தையில் ஜெயிப்பது நல்ல கருவி அல்ல, விலை மலிந்த கருவி!

அரசுக்கு நாம் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. லைசென்ஸ் கொடுத்தால் மட்டும் போதாது. அது வாங்குபவர் கண்ணில் பட வேண்டும். ஹால்மார்க் எண்ணைப் போல, கருவியின் லைசென்ஸ் எண்ணையும் செல்போனில் தட்டினால் தமிழிலேயே விவரம் வர வேண்டும். ஆன்லைனில் விற்பவர்கள் அந்த எண்ணை விலைக்குப் பக்கத்திலேயே போட வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியவை:

* அட்டைப்பெட்டியில் தயாரிப்பு லைசென்ஸ் எண் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதி லைசென்ஸ் எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பிக் கொடுத்து விடுங்கள்.

* பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

* அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது உங்கள் பி.பி. மெஷினையும் எடுத்துப் போங்கள். அவருடைய கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் சுற்றும் பட்டை உங்கள் கைக்குப் பொருத்தமான அளவுதானா என்றும் கேளுங்கள்.

* வாட்ச் காட்டும் எண்ணை மட்டும் நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களே மாற்றாதீர்கள்.

கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மோட்டாருக்குக் கேட்கிற கேள்வியை நம் வீட்டுப் பெரியவர்களின் உயிருக்காகவும் ஒரு தடவை கேட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது?