மைல்ஸ் சேர்த்தது போதும், முதலில் அம்மாவுக்கு பாஸ்போர்ட் எடுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். வெளிநாட்டில் இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் சிங்கப்பூரிலிருந்து லீவில் சித்தேரிக்கு வந்திருந்தான். திண்ணையில் உட்கார்ந்ததும் போனை நீட்டினான். "சார், கிரிஸ்ஃபிளையர்ல நாற்பதாயிரம் மைல்ஸ் இருக்கு, பாருங்க." கரண்ட் பில், போன் பில், மளிகை, ரயில் கட்டணம் எல்லாமே வங்கி ஆப்பிலும் கார்டிலும்தானாம். ஒரு டாலருக்கு 1.2 மைல். மாதம் ஆயிரம் டாலர் செலவழித்தால் 1,200. மூன்று வருடத்தில் 43,200. கணக்கு சரிதான், நானும் போட்டுப் பார்த்தேன்.

"இதுவரைக்கும் எவ்வளவுடா எடுத்தே?" என்றேன்.

"ஒண்ணும் எடுக்கலீங்க சார். பெருசா ஒண்ணுக்கு வெச்சிருக்கேன்."

இந்த முறை வந்ததும் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டில்தான். கிரிஸ்ஃபிளையர் கணக்கில் வந்து சேர்ந்த மைல்ஸுக்கு ஆயுள் மூன்று வருடம். முதலில் சேர்த்தது இனி மாதாமாதம் கரையத் தொடங்கும். அது அவனுக்குத் தெரியும். ஆனால் உண்டியலை உடைக்க மனசு வரவில்லை.

மைல்ஸ் சேர்ப்பதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். எப்படியும் கட்ட வேண்டிய பில்லுக்கு நாலு மைல் வந்தால் வரட்டும். ஆனால் இது யாரும் சும்மா கொடுப்பதில்லை. 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் வாடிக்கையாளர்களைப் பிடித்து வைத்துக்கொள்ள ஆரம்பித்த ஏற்பாடு, பிற்பாடு வங்கிகளோடு சேர்ந்து பெரிய வியாபாரமாகிவிட்டது. விமான கம்பெனியிடம் வங்கி மைல்ஸை விலைக்கு வாங்குகிறது. அந்தக் காசை நம் கார்டிலிருந்துதான் எடுக்கும். கார்டு பாக்கியை முழுசாகக் கட்டாமல் விட்டால் சிங்கப்பூரில் வட்டி வருடத்துக்கு 25 சதவீதத்துக்கு மேல். ஒரு மாத வட்டி போதும், அந்த மாதம் சேர்த்த மைல்ஸ் எல்லாம் போச்சு.

என் சொந்தக்காரப் பையன் ஒருவன் வளைகுடாவில் இருக்கிறான். மைல்ஸ் வரும் என்று ஊருக்கு அனுப்பும் பணத்தையே கிரெடிட் கார்டில் அனுப்பினான். வங்கி அதை ரொக்கம் எடுத்ததாகக் கணக்கு வைத்து, கட்டணமும் முதல் நாளிலிருந்தே வட்டியும் போட்டுவிட்டது. மைலும் வரவில்லை. வீட்டுக்கு அனுப்பும் காசில் இந்த விளையாட்டு வேண்டாம் கண்ணுகளா. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு 2023 பிப்ரவரியிலிருந்து பேநவ் - யூபிஐ இணைப்பு இருக்கிறது. அதில் மைல் வராது. ஆனால் அம்மாவின் கணக்குக்குச் சில நிமிடத்தில் பணம் வந்துவிடும்.

சரி, சேர்த்ததை என்ன செய்வது? கிரிஸ்ஃபிளையரில் ஐந்து பேர் வரை நம் ஆட்களாகப் பதிந்து, நம் மைல்ஸில் அவர்களுக்கு டிக்கெட் எடுக்கலாம். வரியும் கட்டணமும் மட்டும் காசாகக் கட்ட வேண்டும். குறைந்த மைல்ஸுக்குக் கிடைக்கும் சீட்டு கொஞ்சம்தான், பண்டிகை சமயத்தில் சுலபத்தில் கிடைக்காது. மாதக்கணக்கில் முன்னாடியே பார்க்க வேண்டும்.

இதைச் சொன்னதும் அவன் பேசாமல் உட்கார்ந்துவிட்டான். அவன் அம்மா சாமையும் புளியும் விற்றுப் படிக்க வைத்தவர். அரூரையும் தர்மபுரியையும் தாண்டிப் போனதில்லை. முன்பு ஒருநாள் ரேஷன் கடையில் என்னைப் பார்த்து, "வாத்தியாரே, அவன் இருக்கிற ஊரு எவ்வளவு தூரமுங்க?" என்று கேட்டார். பெங்களூரில் ஏறினால் ஐந்து மணி நேரம்கூட ஆகாது என்றேன். "அவ்வளவுதானுங்களா?" என்றார். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அந்த அம்மாவுக்கு பாஸ்போர்ட் இல்லை. அது இல்லாமல் சிங்கப்பூர் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியாது. 36 பக்க பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். அறுபது தாண்டியவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. மலையில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது, ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்றுதான் இருக்கும். ஒரு காகிதத்தில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு எழுத்து. இதைச் சரி செய்யவே மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் மைல்ஸ் கரைந்துவிடும். அதனால் இப்போதே தொடங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன். ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை மூன்றையும் அம்மாவிடம் கொடுத்து அனுப்புங்கள். பெயரெல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, விண்ணப்பத்தை நானே நிரப்பித் தருகிறேன். அவன் அம்மாவுடையது போன வாரமே முடிந்தது.