தாய்க்கு வந்த அம்மையும் சேயின் இருதயமும்

உடம்பில் சிவந்த பொரி கண்டால், 'அம்மை போட்டிருக்கிறது' என்று வாசலில் வேப்பிலை செருகி, இரண்டு மூன்று நாளில் இறங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பால்வெட்டுக்குப் போய்விடுவது நமது லயங்களில் கண்ட வழக்கம். வந்தது ரூபெல்லா என்னும் ஜெர்மன் அம்மையானால் வெட்டும் பெண்ணுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. அவள் வயிற்றில் இரண்டு மூன்று மாதக் கரு இருந்தாலோ கதையே வேறு.

1941-ஆம் ஆண்டில் சிட்னி நகரத்துக் கண் வைத்தியர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த 78 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களில் பலருக்கு இருதயமும் பழுது. விசாரித்தபோது, தாய்மாரில் பெரும்பாலோர் கருவுற்ற தொடக்கத்தில் இந்த அம்மை கண்டவர்கள் எனத் தெரிந்தது. படித்த வட்டாரத்தில் அன்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. தாய்மார் சொன்னதே சரியாயிற்று.

வயிற்றிலிருக்கும் குழந்தை சுவாசிப்பதில்லை அல்லவா? ஆகவே நுரையீரலுக்குப் போகும் இரத்தத்தைத் திருப்பிவிட ஒரு குறுக்குக் குழாய் உண்டு. பிறந்த சில நாளில் அது தானே அடைபடவேண்டும். இந்தக் கிருமி தாக்கிய குழந்தைக்கு அது திறந்தே கிடந்துவிடுகிறது. நுரையீரலுக்குச் செல்லும் நாளம் குறுகிப்போவதும் உண்டு. பிள்ளை பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கும்; நெற்றி வியர்க்கும்; இரண்டு வாய் குடித்துச் சோர்ந்துவிடும்; எடை ஏறாது. கண்ணேறு என்று கயிறு கட்டிக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். அந்தக் குழாயை அடைக்க இன்று வழியுண்டு.

அம்மைக்கு மருந்தில்லை, வருமுன் காக்க ஊசி உண்டு. மலேசியாவில் 1988 முதல் பள்ளி மாணவிகளுக்கும், 2002 முதல் கைக்குழந்தைகளுக்கும் போடப்பட்டு வருகிறது. பள்ளியைப் பாதியில் விட்ட பெண்களும், வெளிநாட்டிலிருந்து வந்து நம்மோடு உழைக்கும் பெண்களும் போட்டுக்கொண்டார்களா? கேட்டால் பலருக்கு நினைவில்லை. கர்ப்பிணிக்கு இந்த ஊசி ஆகாது. போட்டபின் ஒரு மாதம் கருத்தரிக்கவும் கூடாது. ஆகையால் கல்யாணத்துக்கு முன்பே கேட்டுப் போட்டுக்கொள்வது நலம்.

கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறது என்று சொல்வது பொய்யல்ல. செக்ரோலில் 'வரவில்லை' என்று எழுதுவது இதை எழுதும் கிராணியின் கைதான், எழுதும்போதெல்லாம் கூசுகிறது. ஊசிக்கும் கர்ப்பப் பரிசோதனைக்கும் போகும் நாளுக்குக் கூலி பிடிக்கலாகாதென்று ஒவ்வொரு கிளையும் அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டு நிர்வாகத்துக்கு அனுப்பவேண்டும். பிள்ளைக் காப்பகத்தில் பொரி கண்ட குழந்தை இருக்கையில் கர்ப்பிணியை அங்கே வேலைக்கு வைக்கலாகாது என்பதையும் அதிலேயே சேர்த்து எழுதுங்கள்.