பரபக்கம் கல்லாச் சுபக்கம்

அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இருகூறாக வகுத்தருளினார். பரபக்கத்தில் உலகாயதம் முதலிய 14 மதங்களின் கொள்கைகளை முன்னர் விளங்க எடுத்தோதிப் பின்னரே மறுத்தார். பிறர் கொள்கையை மறைத்துத் தம் கொள்கையை நாட்டுதல் அவர் நெறியன்று.

இந்நெறிக்கு மாறாயதொரு செயல் கல்வித்துறையில் நிகழ்ந்தது. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு, பத்தாம் வகுப்பு அறிவியற் பாடநூலினின்று உயிர்களின் பரிணாமம் பற்றிய பகுதியை நீக்கியது. அறிவியலாரும் ஆசிரியருமாக 1,800-க்கு மேற்பட்டோர் 2023 ஏப்பிரலில் அதனை எதிர்த்துக் கையொப்பமிட்டனர். பெருந்தொற்றுக் காலத்தில் மாணவர் சுமையைக் குறைத்தலே காரணமெனக் கூறப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் அப்பாடம் உண்டெனின், பத்தாம் வகுப்போடு உயிரியலை விடும் மாணவர்க்கு அதனாற் பயனென்னை? தமிழ்நாட்டரசு 2019-ல் வெளியிட்ட பத்தாம் வகுப்பு நூலிலோ அஃது இடம்பெற்றது. ஆகவே, கம்பத்தில் ஒரே தெருவிற் பிறந்த இரு பிள்ளைகளுள் ஒருவன் கற்பதை மற்றவன் கல்லாதொழியும் நிலை நேர்ந்தது.

சைவ அன்பருள்ளும் சிலர் இந்நீக்கம் நன்றே என்பர். குரங்கு மனிதனாதலை எவரும் கண்டிலர் என்பது அவர் கூற்று. 2018 ஜனவரியில் மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங் கூறியதும் இதுவே. இற்றைக் குரங்கு மனிதனாயிற்றென டார்வின் கூறிற்றிலர். இரண்டிற்கும் பண்டை முன்னோர் ஒருவரே என்றார். அது நிற்க. கண்டதே பிரமாணம் என்பது உலகாயதன் வாதமன்றோ? காட்சி, கருதல், உரை என மூவளவை கொண்டோன் சித்தாந்தி. உலகம் தோன்றி நின்று ஒடுங்குதல் கொண்டு அதற்கொரு கருத்தா உண்டென்று சிவஞானபோத முதற்சூத்திரம் நிறுவுவதும் கருதலளவையால் அன்றோ? ஈண்டுக் கருதலை எறிவோன் ஆண்டு எதனைப் பற்றி நிற்பான்?

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டத்தில் பூசண நோய்க்கு ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளிப்பின், அதற்குத் தப்பும் இயல்புடைய பூசணமே எஞ்சிப் பெருகும். நாளடைவில் மருந்து பயனிழக்கும். இயற்கைத் தேர்வென்பது இதுவே. சின்னமனூருக்கு மேலுள்ள மேகமலையில் 1948-ல் பிடிபட்ட பழந்தின்னி வௌவாலொன்று, பொதுவினத்ததாகக் கருதப்பட்டுக் காப்பகத்திற் கிடந்தது. 1972-ல் கிட்டி தொங்லாங்யா என்னும் தாய்லாந்து அறிஞர் அதன் பல் முதலியவற்றை ஆராய்ந்து, தனிப்பேரினம் எனத் துணிந்து, சாலிம் அலியின் பெயரை அதற்கு இட்டார். உறுப்புக் கொண்டு உறவு துணிதலும் கருதலளவையே.

இனி, டார்வின் கூறியதை மணிவாசகர் சிவபுராணத்தில் முன்னரே கூறினார் என மகிழ்வாரும் உளர். அதுவும் பொருந்தாது. அடிகள் கூறியது ஓருயிர் வினைவழிப் பல உடல் எடுத்து இளைத்தமை; டார்வின் கூறியது தலைமுறைதோறும் உடல்கள் வேறுபட்டமை. உயிர் வேறு, உடல் வேறு என்பதன்றோ நம் சமயத்தின் அரிச்சுவடி?

அற்றேல், இயற்கையே தேர்ந்தெடுப்பின் இறைவனுக்குத் தொழில் யாதெனின், குடத்திற்கு மண் முதற்காரணம், திகிரி துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பது நம்மவர் வழக்கு. மண்ணையும் திகிரியையும் ஆராய்வோன் குயவனை இல்லையாக்கினான் ஆகான். அவ்வாராய்ச்சியினின்றே குயவன் இலன் என்று அவன் துணியின், அப்பொழுது மறுத்தல் நம் கடன்.

மறுத்தற்கும் முதலிற் கற்றல் வேண்டும். சின்னமனூர்ப் பூலாநந்தீசுவரரை வணங்கி வரும் மாணவன் மேகமலை வௌவாலின் வரலாற்றையும் கற்பானாக. அதனால் அழியும் சைவம் அருணந்தியார் அருளிய சைவம் அன்று.