மூக்குக்கு 1 மணி நேரம், ஆறுவதற்கு 1 வருடம்

ஒரு மணி நேர வேலை, சீக்கிரமே வீட்டுக்குப் போய்விடலாம். மூக்கை அழகாக்கும் ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கும் விளம்பரங்கள் இப்படித்தான் பேசுகின்றன. வீட்டுக்குப் போகலாம் என்பது உண்மைதான். போன பிறகு என்ன ஆகும் என்பதைத்தான் சொல்வதில்லை.

நாட்றம்பள்ளியில் இருந்து கம்பெனி பஸ்ஸில் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். மூன்று மாதத்தில் கல்யாணம். சீட்டுப் பணத்தை எடுத்து பெங்களூரில் மூக்கைச் சரிசெய்து கொள்கிறாள். மறுநாள் கண்ணைச் சுற்றிக் கருநீலமாக வீங்கியிருக்கும். மேலே வைத்த ஸ்பிளிண்ட்டை எடுக்க ஒரு வாரம் ஆகும். தலையை உயர்த்தி மல்லாந்துதான் படுக்க வேண்டும். இரண்டு வாரமாவது மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். பளு தூக்கக் கூடாது. எலும்பில் கை வைத்திருந்தால் மூக்குக்கண்ணாடி பல வாரங்களுக்குக் கூடாது.

அவளுக்குக் கிடைத்த லீவோ மூன்று நாள்! சைனஸ் என்று பொய் சொல்லி வாங்கியது. நான்காம் நாள் தோல் தூசியிலும் பசை நெடியிலும் உட்கார்ந்து தும்மாமல் இருப்பது எப்படி?

அழகு மேல் ஆசை எதற்கு என்று அவளைத் திட்டச் சிலர் கிளம்புவார்கள். அது அவள் மூக்கு, அவள் பணம். கேட்க வேண்டியது, பணம் வாங்கும் முன் இதையெல்லாம் சொல்லாதவர்களைத்தான்.

1794-இல் லண்டன் ஜென்டில்மேன்ஸ் மேகஸின் புனேயில் நடந்த ஒரு மூக்கு ஆபரேஷனை விவரித்தது. திப்புவின் படையிடம் சிக்கி மூக்கை இழந்த மாட்டுவண்டிக்காரர் கவாஸ்ஜிக்கு, செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலை இறக்கி மூக்கு அமைத்தார். ஆறவைத்த முறையும் அதிலேயே இருக்கிறது. காசுக்கட்டி தடவிய துணி நான்கு நாள் (தோல் பதனிடவும் உதவும் அதே துவர்ப்புச் சரக்கு!), பிறகு நெய்யில் நனைத்த துணி. ஐந்தாறு நாள் மல்லாந்த படுக்கை. பத்தாம் நாள், துளை மூடாமலிருக்க மூக்கில் மெல்லிய துணி.

பக்கத்து வேலூரிலும் பால் பிராண்ட் காலத்தில், தொழுநோயால் அமிழ்ந்த மூக்கை உள்ளிருந்து தோல் ஒட்டி எழுப்பினார்கள். ஒட்டிய தோல் சுருங்காமலிருக்க உள்ளே ஒரு தாங்கி வைக்க வேண்டியிருந்தது. தோலை அவசரப்படுத்த முடியாது என்பது தோல் ஷாப்பில் வேலை செய்யும் யாருக்கும் தெரியும்.

மூக்கு நுனி வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம்கூட ஆகும். கல்யாண போட்டோவில் இருக்கப்போவது பாதி வடிந்த மூக்கு. அதைப் பார்த்துப் பயந்து உடனே இரண்டாம் ஆபரேஷனுக்கு ஓடுவது அடுத்த ஆபத்து.

மூக்கின் நடுச்சுவரில் ரத்தம் கட்டினால் அடைப்பும் வலியும் ஏறிக்கொண்டே போகும். சீக்கிரம் வடிக்காவிட்டால் குருத்தெலும்பு செத்து மூக்கு அமிழ்ந்துவிடும். நிற்காத ரத்தம், காய்ச்சல், பார்வைக் கோளாறு எல்லாம் அன்றே ஓட வேண்டியவை. இதைத் தமிழில் அச்சடித்து, இரவில் எடுக்கப்படும் ஒரு போன் நம்பரோடு, பணம் கட்டும் முன்பே கையில் கொடுக்க எத்தனை ரூபாய் ஆகும்? நாட்றம்பள்ளியில் இருந்து பெங்களூர் 100 கிலோமீட்டருக்கு மேல்.