அம்மா அஞ்சு மணிக்கு எழுந்தா எல்லாம் சரியாயிடுமா?

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் காலை நேரம் அமைதியாக இருக்க யார் யோசனை சொன்னாலும் முதல் யோசனை ஒன்றுதான்: அம்மா ஒரு மணி நேரம் முன்னாடி எழுந்துக்கணும். ரெண்டாவது, ராத்திரியே காய் நறுக்கி, யூனிஃபார்ம் தேய்ச்சு வெச்சுடணும். யாரு? அதுவும் அம்மாதான். அப்பாவுக்கு என்ன வேலைன்னு கடைசி வரி வரைக்கும் தேடினாலும் கிடைக்காது :-)

எங்க முள்ளுக்குறிச்சி கொல்லிமலை அடிவாரம். காலை ஏழு மணிக்கே மஞ்சள் வேன் வந்து ஹாரன் அடிக்கும். நாமகிரிப்பேட்டை தாண்டி ராசிபுரம் போகணும். அக்கா பையன் யூகேஜி. ஆறு மணிக்கே எழுப்பி, அழ அழ குளிப்பாட்டி, பாதி இட்லி வாயில இருக்கும்போதே வேன்ல ஏத்தி விடறாங்க.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். மூணுல இருந்து அஞ்சு வயசுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேணும்னு அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016ல் சொன்னது. பகல்ல தூங்காத பிள்ளை ஆறு மணிக்கு எழணும்னா ராத்திரி எட்டு மணிக்கே தூங்கியாகணும். மாமா கடை சாத்திட்டு வீட்டுக்கு வர்றதே எட்டரை! அக்கா நாலு மணிக்கு எழுந்தாலும் இந்தக் கணக்கு இடிக்கும். பிழை அம்மாகிட்ட இல்லீங்க, டிசைன்லயே இருக்கு.

டிசைனை மாத்த முடியும். நாலாம் வகுப்பு வரைக்கும் ஒன்பது மணிக்கு முன்னாடி பள்ளி தொடங்கக்கூடாதுன்னு மகாராஷ்டிரா அரசு 2024 பிப்ரவரியில் உத்தரவு போட்டது. நம்ம ஊர்ல 2022 செப்டம்பர் 15 அன்னைக்கு 1,545 அரசுப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கினாங்க. 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாத்துக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல். பசியோட வர்ற பிள்ளைகளுக்காகத்தான் வந்தது. ஆனா விடிஞ்சதும் மரவள்ளிக் காட்டு வேலைக்கு ஓடற அம்மாவுக்கும் ஒரு அடுப்பு வேலை குறைஞ்சது. பெத்தவங்க பண்ண வேண்டியதை அரசாங்கம் ஏன் பண்ணணும்னு கேக்கறவங்க, அந்த நேரத்துல அவங்க வீட்டு அடுப்படியில யார் நிக்கறாங்கன்னு ஒரு தடவை எட்டிப் பார்க்கணும்.

இங்கிலீஷ் மீடியத்துக்காகத்தானே வேன்ல அனுப்பறோம்னு சொல்வீங்க. சரி, அனுப்புங்க. ஆனா ஃபீஸ் கட்டற நாம எல்லாரும் சேர்ந்து போய், சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் எட்டரைக்கு வேன் விடுங்கன்னு ஏன் கேக்கறதில்ல?

அதனால இனிமே யோசனை சொல்றவங்க முதல் யோசனையா வேன் நேரத்தை மாத்தச் சொல்லுங்க. ரெண்டாவதா, அப்பாவை எழுப்புங்க.