பத்து நிமிடத் தீயும் ஒரு போன் காலும்

போன வாரம் எங்கள் வகுப்பில் சப்ளை செயின் பற்றி ஒரு செமினார். பேசிய நண்பன் கடைசி ஸ்லைடில் 'நம்பிக்கை, ஒத்துழைப்பு, நீண்டகால உறவு' என்று மூன்று வார்த்தைகளைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். எல்லோரும் கை தட்டினோம், நானும்தான். ஆனால் ஹாஸ்டலுக்கு வந்த பிறகு ஒரே உறுத்தல். இந்த மூன்று வார்த்தைகளைக் கல்யாண வாழ்த்து மடலில்கூடப் போடலாமே! எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்கென்று இதில் என்ன இருக்கிறது?

எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டு மார்ச் 17, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், அல்புகர்க்கி நகரில் இருந்த ஃபிலிப்ஸ் சிப் தொழிற்சாலையில் மின்னல் காரணமாகத் தீப்பிடித்தது. பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் தூசி ஒரு துகள்கூட இருக்கக் கூடாத 'கிளீன் ரூம்' முழுவதும் புகையும் தண்ணீரும். தீயைவிட அதுதான் பெரிய சேதம்.

அங்கே தயாரான செல்போன் சிப்களை அதிகம் வாங்கியவர்கள் இருவர்: நோக்கியாவும் எரிக்சனும். இரண்டு பேருக்கும் ஒரே தகவல்தான் போனது: ஒரு வாரம் தாமதமாகும்.

நோக்கியாவில் போன் எடுத்தவர் அதை மேலே சொன்னார். அந்தப் பாகங்களைத் தனியாகக் கண்காணிக்கும் பட்டியலில் சேர்த்து, தினமும் ஃபிலிப்ஸைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒரு வாரமல்ல, பல வாரம் ஆகும் என்பது தெரிந்ததும் நேராக ஃபிலிப்ஸின் தலைமையிடமே போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஐந்தோவனிலும் ஷாங்காயிலும் இருந்த ஃபிலிப்ஸின் மற்ற ஆலைகளில் இடம் பிடித்தார்கள். சில சிப்களின் வடிவமைப்பை மாற்றி வேறு இடத்தில் செய்ய வைத்தார்கள்.

எரிக்சனில் அந்த போன் காலைச் சாதாரணத் தகவலாக எடுத்துக்கொண்டார்கள். மேலிடத்துக்கு முழு விவரம் போக ஏப்ரல் ஆகிவிட்டது. செலவைக் குறைக்க மாற்று சப்ளையர்களை 90களிலேயே கழித்துவிட்டிருந்தார்கள். விளைவு, சுமார் 40 கோடி டாலர் விற்பனை நஷ்டம். 2001ல் எரிக்சனின் செல்போன் தொழில் சோனியுடன் கூட்டாகிவிட்டது. (அதற்கு இந்தத் தீ ஒன்றே காரணம் என்று சொன்னால் அது கதை. ஏற்கெனவே அவர்களுக்கு வேறு பிரச்சினைகளும் இருந்தன.)

இதில் கவனிக்க வேண்டியது, 'நம்பிக்கை' அதிகமாக வைத்தது எரிக்சன்தான்! ஒரே சப்ளையர், நீண்டகால உறவு, அவர் சொன்னதை அப்படியே நம்பினார்கள். நோக்கியா தினமும் போன் போட்டு நச்சரித்தது. என்னைக் கேட்டால் அந்த நச்சரிப்புதான் பார்ட்னர்ஷிப்.

போன வருடம் ஒரு சர்க்யூட் போர்டு அசெம்பிளி யூனிட்டில் இன்பிளான்ட் ட்ரெய்னிங் போனேன். பெயர் வேண்டாமே. ஒரு நாள் கனெக்டர் வரவில்லை, ஒரு லைன் முழுவதும் நின்றுவிட்டது. சப்ளையர் ஒரு சிறிய பட்டறைக்காரர். தாமதமாகும் என்று அவருக்கு இரண்டு வாரம் முன்பே தெரியுமாம். "ஏன் சார் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டேன். "போன தடவை சொன்னேன் தம்பி. பில்லுல பிடிச்சுட்டாங்க" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். கெட்ட செய்தி சொன்னவனுக்கு அபராதம் போட்டால் அடுத்த முறை செய்தி வராது, லாரியும் வராது. செமினார் ஸ்லைடில் இது எங்கே?

சிப் விஷயத்தில் இது இன்னும் கடுமை. ஒரு சிப் தயாராகி வர மாதக்கணக்கில் ஆகும். மாற்று ஆலையில் செய்வதென்றால் மறுபடி சோதனை, ஒப்புதல் எல்லாம் வேண்டும். கடையில் ஒரு பிராண்ட் சோப்பு இல்லையென்றால் அடுத்ததை எடுப்பது போலல்ல. அதனால் பத்து நாள் முன்னதாகத் தெரிவது பெரிய சொத்து. மாற்று சப்ளையரை வைத்துக்கொள்ள ஆகும் செலவு வீண் என்று அக்கவுண்ட்ஸ்காரர்கள் சொல்வார்கள். தீப்பிடிக்காத வருடங்களில் அவர்கள் கணக்குத்தான் சரியாகத் தெரியும், அதுதான் சிக்கல்.

நோக்கியாவை இவ்வளவு புகழ்ந்தபின் ஸ்ரீபெரும்புதூரை மறக்க முடியாது. 2006ல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலையைச் சுற்றி சப்ளையர்களும் வந்து இறங்கினார்கள். 2014 நவம்பரில் வரித் தகராறுக்கு நடுவே ஆலை நின்றது. ஒரே சப்ளையரை நம்பிய எரிக்சனின் கதைதான், ஆனால் தலைகீழாக: இங்கே ஒரே வாடிக்கையாளரை நம்பியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்தில் சார்ஜர் செய்துகொண்டிருந்த சால்காம்ப்போ ஆப்பிளுக்கும் சார்ஜர் செய்யும் நிறுவனமாகத் தாக்குப்பிடித்தது. மூடிக் கிடந்த அதே நோக்கியா ஆலையை அது வாங்குவதாக 2019ல் அறிவிப்பு வந்தது.